பிரதிநிதி வாகனம்

கோடை விடுமுறைக்குச் சற்று முன்னால், பதினான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போன ஷேர் ஆட்டோ ஒன்று திருப்பத்தில் சாக்கடைப் பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. யாருக்கும் எலும்பு முறியவில்லை. பதினான்கு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்ததால் அடி எல்லாம் ஆட்டோவுக்குத்தான். ஹாமிதின் கடைசி மகன் வீட்டுக்கு வந்து, மறுபடியும் எப்போது விழுவோம் என்று கேட்டான்.

ஹாமிதின் மனைவி ருக்சானா அன்றைக்குச் சாக்கடைச் சட்டையைத் துவைத்துப் போட்டாள். மறுநாள் காலையில் கார் ஓட்டப் பழகும் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். விடுமுறை முடிவதற்குள் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. அதைக் கணவனின் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"திங்கக்கிழமை ஸ்கூல் திறக்குது. மூணு பிள்ளைகளையும் நான்தான் கொண்டுபோய் விடப்போறேன். கார் பாருங்க."

"புதுசா?"

"பெல்ட் கடைதான வச்சிருக்கீங்க, பேங்க்கா வச்சிருக்கீங்க? பழசு போதும். ஆனா எஃப்.சி. இருக்கா, டாக்ஸ் கட்டியிருக்கா, அம்புட்டையும் விசாரிச்சுட்டு வாங்குங்க. பிள்ளைங்க உட்கார்ற வண்டி."

எஃப்.சி. என்பது, இந்த வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று அரசாங்கம் தரும் சான்று. ஹாமித் பேகம்பூரில் பெல்ட்டும் பர்ஸும் விற்பவர். தோலைத் தடவிப் பார்த்து ஆடா மாடா என்று சொல்லிவிடுவார். காரைத் தடவிப் பார்த்தால் அவருக்குத் தூசி மட்டும்தான் தெரியும். அதனால் அரசாங்கத்தை நம்புவது என்று முடிவு செய்தார். வேறு யாரும் அவருக்குக் கிடைக்கவில்லை.

கடைக்கு வந்த ஒருவர் நெய்க்காரப்பட்டிக் கருப்பணனைக் கைகாட்டிவிட்டார். கருப்பணன் கரும்பு விவசாயி. அவரிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. பல வருடம் பழனிக்குப் பக்தர்களை ஏற்றிப்போன வாடகை வண்டி, பிறகு சொந்த உபயோகத்துக்கு மாறியது. கருப்பணன் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

"வருசா வருசம் எஃப்.சி. பண்ணியிருக்குதுங்க. டாக்ஸ் ஒரு நாளும் தப்புனதில்லீங்க. நான் சொல்றத நம்ப வேண்டாமுங்க பாய். ஆபீசுலயே கேட்டுக்கலாமுங்க."

இவ்வளவு நேர்மையான மனிதரை ஹாமித் அதற்கு முன் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலையில் இருவரும் அலுவலகத்தில் சந்தித்தார்கள். ஊர் முடிந்து செம்பட்டிப் பக்கம் போகிற சாலையில் இருந்தது அது. பெயர், வாகன முன்வரலாறு மற்றும் தகுதி உறுதிப்பாட்டு அலுவலகம். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். கடைசி நான்கு எழுத்துகள் வேலியைத் தாண்டிப் பக்கத்து முருங்கைத் தோட்டத்தில் நின்றன. கருப்பணன் காரை மெதுவாக, மிக மெதுவாக உள்ளே கொண்டுவந்தார். அது வளாகத்தில் இருந்த வேப்பமரத்தில் இலேசாக முட்டி நின்றது.

"நிழலுங்க," என்றார் இறங்கி.

கவுண்டரில் அல்போன்சா என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஹாமிதைப் பார்த்தார்.

"இந்தக் காரோட சரித்திரம் வேணும் மேடம்."

"கார் உங்களுதா?"

"இல்ல. வாங்கலாம்னு இருக்கேன்."

"வாங்கலையே இன்னும்? உங்களுது இல்லாத காரோட சரித்திரம் உங்களுக்கு எதுக்கு?"

"பார்த்துட்டு வாங்கலாம்னு..."

"வாங்கிட்டு வந்து பாருங்க."

ஹாமித் கருப்பணனை முன்னால் தள்ளினார். "இவருதான் மேடம் ஓனரு. இவரு கேக்குறாரு."

அல்போன்சா கருப்பணனைப் பார்த்தார். "ஓனருக்கு எதுக்குச் சரித்திரம்? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே?"

"எனக்குத் தெரியுமுங்க," என்றார் கருப்பணன். "இவருக்குத்தானுங்க தெரியோணும்."

அல்போன்சா யோசித்தார். விதி இருந்தது. வாங்க இருப்பவரும் விற்க இருப்பவரும் கூட்டாகக் கேட்டால் கொடுக்கலாம். கூட்டாக என்றால் கூட்டாகத்தான். ஒருவர் கேட்டு இன்னொருவர் தலையாட்டுவது செல்லாது.

"ரெண்டு பேரும் ஒண்ணா சொல்லுங்க."

"என்ன சொல்லணும்?"

"இந்த வண்டியின் சரித்திரம் எங்களுக்கு வேண்டும். ஒரே குரல்ல."

முதல் தடவை ஹாமித் முந்திவிட்டார். இரண்டாவது தடவை கருப்பணன் கடைசியில் ஒரு 'ங்க' சேர்த்துவிட்டார். அது விண்ணப்பத்தின் வாசகத்தில் இல்லை என்று அல்போன்சா நிராகரித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் தாளம் போட்டு உதவியதில் மூன்றாவது தடவை சேர்ந்து வந்தது. அல்போன்சா கணினியைத் தட்டினார்.

"டாக்ஸ் அம்புட்டும் கட்டியிருக்கு. பசுமை வரியும் கட்டியிருக்கு."

"பசுமை வரின்னா?"

"பழைய வண்டி புகை விடும்ல. அதுக்குத் தனி வரி."

"கட்டினா புகை நின்னுருமா மேடம்?"

"அது எப்படி நிக்கும்? ஆனா அது வரி கட்டின புகை. ஓசிப் புகை இல்ல." அல்போன்சா திரையைக் கொஞ்சம் கீழே தள்ளினார். "எஃப்.சி.யும் எல்லா வருசமும் பாஸ். பிரேக் மிக நன்று, விளக்கு மிக நன்று, ஸ்டியரிங் மிக நன்று. ஒரு வருசம்கூட வெறும் 'நன்று' இல்ல."

ஹாமிதுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. தன் மூத்த மகளின் மார்க் ஷீட்டில்கூட அவர் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"அப்ப அதக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க மேடம்."

"குடுக்கிறேன். ஆனா நேத்து வரைக்கும் உள்ளது பாதிச் சரித்திரம். இன்னைக்கு ஒரு தடவ பாஸாகிட்டு வாங்க, முழுசாக் குடுக்கிறேன். பின்னாடி கிரவுண்டுக்குப் போங்க."

கட்டடத்துக்குப் பின்னால் பெரிய மைதானம். வாசலிலேயே தகரக் கொட்டகை போட்டுப் பேச்சாயி கடை வைத்திருந்தாள். புடைவைக்கு மேல் ஆண்கள் சட்டை, இடுப்பில் ஸ்பேனர். கொட்டகை முழுக்க டயர்கள், பக்கக் கண்ணாடிகள், ஹாரன்கள், தீயணைக்கும் சிவப்பு உருளைகள், முதலுதவிப் பெட்டிகள். 'வாடகைக்கு மட்டும், விலைக்கு இல்லை' என்று எழுதிப் போட்டிருந்தது.

பேச்சாயி கடையிலிருந்து ஆய்வு நடக்கும் இடம்வரை நீளமாக வரிசை நின்றது. வண்டிகளின் வரிசை அல்ல, மனிதர்களின் வரிசை. ஆளுக்கொரு நம்பர் பிளேட்டைக் கையில் வைத்திருந்தார்கள். சிலர் மஞ்சள் பையில் போட்டு அக்குளில் இடுக்கியிருந்தார்கள். ஒருவர் இரண்டு பேருந்து மாறி வந்ததாகச் சொன்னார்.

கருப்பணன் வேப்பமரத்தடிக்குப் போய்த் தன் காரின் பிளேட்டைக் கழற்றிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்.

"ஏ அண்ணே," என்றாள் பேச்சாயி, "வண்டியையே கொண்டாந்துட்டீகளா? அம்புட்டுத் தொலைவுல இருந்து? பிளேட்ட மட்டும் எடுத்தாந்தாப் பத்தாதா?"

"பாய் வண்டியப் பாக்கோணும்னு சொன்னாருங்க."

வரிசையில் இருந்தவர்கள் ஹாமிதைத் திரும்பிப் பார்த்தார்கள். புதியவர் என்று புரிந்துகொண்டு ஒதுங்கி இடம் கொடுத்தார்கள்.

மைதானத்தின் நடுவில் ஒரே ஒரு கார் நின்றது. கழுவித் துடைத்து, சக்கரங்களுக்குக் கறுப்புப் பூசி, கண்ணாடிக்கு முன்னால் மல்லிகைச் சரம் தொங்கவிட்டு, பெண் பார்க்க வந்ததுபோல் நின்றது. எல்லாரும் அதை மாப்பிள்ளை என்றார்கள். பேச்சாயியின் கார். வரிசையில் முதலில் நிற்பவர் தன் பிளேட்டைக் கொடுப்பார். பேச்சாயி அதை மாப்பிள்ளைக்கு மாட்டுவாள். ஆய்வு முடிந்ததும் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பிளேட்டை மாட்டுவாள்.

ஆய்வாளர் ஆனந்த்ராஜ், ஒருவர் பிடித்திருந்த குடைக்குக் கீழே நாற்காலியில் இருந்தார். ஒவ்வொரு பிளேட்டுக்கும் எழுந்து வந்தார். அதில் அவர் சோம்பல் காட்டவில்லை. மாப்பிள்ளையை ஒரு சுற்றுச் சுற்றினார். முகவாயைத் தூக்கி, கண்ணை மூடி, ஹாரனைக் கேட்டார். பானெட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு, "தேர்ச்சி!" என்றார். ஒவ்வொரு முறையும் அந்தக் குரலில் ஒரு வியப்பு இருந்தது.

ஹாமிதுக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் நின்றார். அவர் பிளேட்டை மாட்டினார்கள். ஆனந்த்ராஜ் குனிந்து பார்த்தார்.

"ஆட்டோவுக்கு மூணு சக்கரம்தான? இதுல நாலு இருக்கு."

ஆட்டோக்காரர் தலையைச் சொறிந்தார்.

"சரி, கூடுதலா ஒண்ணு இருக்குறது பாதுகாப்புக்கு நல்லதுதான். தேர்ச்சி!"

அடுத்து ஒரு டிப்பர் லாரியின் பிளேட்.

"பின்னாடித் தொட்டி எங்க?"

"மேல தூக்கியிருக்கு சார்."

ஆனந்த்ராஜ் அண்ணாந்து வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ரொம்பத் தூக்க வேணாம். கரண்டு கம்பி பட்டுரும். தேர்ச்சி!"

அடுத்தது ஒரு பள்ளிக்கூட வேன்.

"எத்தனை பிள்ளைங்க?"

"நாப்பது சார்."

ஆய்வாளர் மாப்பிள்ளையின் பின்கதவைத் திறந்து, இருக்கையைக் கையால் அளந்து பார்த்தார். மூன்று பேர் உட்காரலாம்.

"நெருக்கி உட்கார வைங்க. தேர்ச்சி!"

ஹாமிதுக்கு அங்கேதான் முதன்முதலாகச் சந்தேகம் தட்டியது. அதற்குள் கருப்பணனின் பிளேட் ஏறிவிட்டது. ஆனந்த்ராஜ் சுற்றினார், கேட்டார், தட்டினார்.

"பிரேக்?"

பேச்சாயி காலை விட்டு மிதித்தாள். "கல்லு மாதிரி நிக்கிது சார்."

"மிக நன்று. தேர்ச்சி!"

"சார்," என்றார் ஹாமித். "நான் வாங்கப்போற வண்டி அந்தா, வேப்பமரத்தடியில நிக்கிது. நீங்க பார்த்தது இது."

ஆனந்த்ராஜ் கோபப்படவில்லை. விளக்கம் கேட்பவர்களுக்காக அவர் வருடக்கணக்காகக் காத்திருந்தது போலத் தெரிந்தது. குடைபிடித்தவரை நகரச் சொல்லிவிட்டு, ஹாமிதின் தோளில் கைபோட்டார்.

"பாய், நீங்க ஓட்டுப் போடுவீங்களா?"

"போடுவேன் சார்."

"எதுக்குப் போடுறீங்க? நாட்டு ஜனம் அம்புட்டுப் பேரும் ஒரே கட்டடத்துல உட்கார்ந்து பேச முடியுமா? முடியாது. அதனால ஒரு ஆளை அனுப்புறோம். அவரு சாப்பிட்டா நாம சாப்பிட்ட மாதிரி. அவரு நல்லா இருந்தா நாம நல்லா இருக்குற மாதிரி. இதுல உங்களுக்கு ஏதாச்சும் குறை உண்டா?"

குறை இல்லை என்று ஹாமித் தலையாட்டினார்.

"அதே மாதிரிதான் இதுவும். மாவட்டத்துல இருக்குற வண்டி அம்புட்டும் இங்க வந்தா இடம் பத்துமா? எங்க ரிக்கார்டுல இதுக்கு மாப்பிள்ளைன்னு பேரு இல்ல. பிரதிநிதி வாகனம். முன்னாடியெல்லாம் ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாத்தான் பார்த்தோம். அத ஏன் கேக்குறீங்க! ஒண்ணுல விளக்கு எரியாது, ஒண்ணுல கதவு மூடாது, பாதி வண்டி ஃபெயிலு. ஜனங்களுக்கு வருத்தம், எங்களுக்குக் கெட்ட பேரு. இப்ப பாருங்க, இந்த முறை வந்ததுல இருந்து ஒரு வண்டி ஃபெயிலானது கிடையாது. மாவட்டத்துல வண்டிகளோட தரம் அம்புட்டு உசந்துருச்சு."

"ஆனா சார், திங்கக்கிழமை என் பிள்ளைங்க உட்காரப்போறது அந்த வண்டியில..."

"மனசுல இதுல உட்கார்ந்திருக்கிறதா நெனைச்சுக்கச் சொல்லுங்க."

ஹாமித் வேப்பமரத்தடியைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் வியாபாரி. எது நல்ல சரக்கு என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொல்கிறார்களோ அதைக் கேட்டு வாங்குவதுதான் அவருக்குத் தெரிந்த வழி.

"சரி. அப்ப நான் இந்த வண்டியையே வாங்கிக்கிறேன்."

வரிசை ஓரடி பின்வாங்கியது. யாரோ ஒருவர் கையிலிருந்த பிளேட்டைக் கீழே போட்டார்.

"ஏ பாய்!" பேச்சாயி ஸ்பேனரை உருவிவிட்டாள். "என்ன பேச்சுப் பேசுற? கோயிலுக்குப் போனா கும்புட்டுட்டு வரணும். சாமியவே வெலைக்குக் கேக்குறியே!"

"ஒரு நாளைக்கு அம்பது தடவ பாஸாகுற வண்டிதான? என் பிள்ளைங்களுக்கு அதுதான் வேணும். நல்லாப் பார்த்துக்குவேன்."

ஆனந்த்ராஜுக்கு மட்டும் இந்தப் பேச்சு பிடித்திருந்தது. தன் மகளைப் பெண்கேட்டு வந்ததுபோல் முகம் மலர்ந்தார். "குடுக்கிறது குடுக்காதது பேச்சாயி விருப்பம். ஆனா ஆசைப்பட்டுக் கேட்டுட்டாரு. அதோட சரித்திரத்தையாவது அவருக்குக் காட்டுங்க. பார்த்துட்டுப் போகட்டும்."

அல்போன்சாவை மடிக்கணினியோடு வரவழைத்தார்கள். மாப்பிள்ளையின் சொந்த நம்பர் என்ன என்று அல்போன்சா கேட்டபோதுதான் அது யாருக்கும் தெரியவில்லை என்று தெரிந்தது. பேச்சாயி கொட்டகை முழுவதும் தேடினாள். கடைசியில் டீ பாய்லருக்கு அடியில், சூடு தாங்குவதற்காக வைத்திருந்த தகடு அதுவாக இருந்தது. கரியைச் சுரண்டி நம்பரைப் படித்தார்கள்.

அல்போன்சா தட்டினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் தட்டினார்.

"சார், இந்த வண்டிக்கு எஃப்.சி. இல்ல."

"எப்ப முடிஞ்சுது?"

"எப்ப முடிஞ்சுதுன்னு இல்ல சார். ஒரு தடவகூடப் பண்ணல. டாக்ஸும் கட்டல. பசுமை வரியும் கட்டல."

"அது எப்பண்ணே தன் பேர்ல நின்னுச்சு, பாஸாகுறதுக்கு?" என்றார் டிப்பர்காரர், பக்கத்தில் இருந்தவரிடம். பக்கத்தில் இருந்தவர் அவர் காலை மிதித்தார்.

ஆனந்த்ராஜின் முகம் சிவந்துவிட்டது. அவர் நடித்தார் என்று சொல்ல முடியாது. அவருக்கு உண்மையாகவே வலித்தது.

"ஏம்மா பேச்சாயி! தகுதிச் சான்று இல்லாத ஒரு வண்டிய, வரி கட்டாத ஒரு வண்டிய, அரசாங்க வளாகத்துக்குள்ள எனக்கு முன்னாலயே நிறுத்தி வச்சிருக்கியா? இம்புட்டு நாளா? ஊருல எத்தனை பேரு இதை நம்பி இருக்காங்க!"

"சார், நான் பொம்பள, எனக்கு என்ன சார் தெரியும்," என்றாள் பேச்சாயி. அவளுக்கு எல்லாம் தெரியும்.

"இப்பவே, இந்த இடத்துலயே அதுக்கு எஃப்.சி. பண்ணணும். அல்போன்சா, எழுதுங்க."

அல்போன்சா எழுதத் தயங்கினார். "பிரதிநிதி வாகனத்துக்கு யாரு சார் பிரதிநிதி?"

இந்தக் கேள்வியைக் கேட்டதும் ஆனந்த்ராஜ் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மாப்பிள்ளையையே பார்த்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். அது முறையல்ல என்று ஆய்வாளர் சொன்னார். தன் வழக்கில் தானே தீர்ப்புச் சொல்வதுபோல் ஆகிவிடும். தனக்காக இன்னொருவரை அனுப்புவதுதான் பிரதிநிதித்துவம், தானே நேரில் போவதற்குப் பெயர் வெறும் வருகை. வேறு வண்டி வேண்டும். வரிசையில் இருந்த யாரும் வண்டி கொண்டுவரவில்லை.

எல்லாருடைய கண்ணும் வேப்பமரத்தடிக்குப் போனது.

மாப்பிள்ளையின் கரி பிடித்த பிளேட்டைக் கருப்பணனின் காரில் மாட்டினார்கள். பேச்சாயி தன் நல்ல டயர்கள் எல்லாவற்றையும் எடுத்து வந்து, ஆய்வுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று மைதானத்தின் கோடியில் அடுக்கிவைத்தாள். ஆனந்த்ராஜ் சட்டைக் கையை மடித்தார்.

"இது சாதாரண ஆய்வு இல்ல. இந்த வண்டி பாஸானாத்தான் எல்லா வண்டியும் பாஸானதுக்கு அர்த்தம். நானே ஓட்டிப் பார்க்கப்போறேன்."

பழைய ஆட்களே வாயைப் பிளந்தார்கள். அந்த மைதானத்தில் ஆய்வுக்காக ஒரு வண்டி நகர்வது அதுதான் முதல் தடவை.

"ஏனுங்க சார்," என்று கருப்பணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "ஒரு நிமிசமுங்க. ஒண்ணு சொல்லோணுமுங்க..."

"ஆய்வு நடக்கும்போது பேசக் கூடாது. ஓரமா நில்லுங்க."

"இல்லீங்க சார், அது வந்துங்க..."

"இவர யாராவது பிடிங்க!"

இரண்டு பேர் கருப்பணனைப் பிடித்துக்கொண்டார்கள். கார் புறப்பட்டது. முதல் கியர், இரண்டாம் கியர், மூன்றாம் கியர். ஆனந்த்ராஜ் நன்றாகத்தான் ஓட்டினார். மைதானத்தின் கோடிக்குப் போய், காரை நிறுத்தித் திருப்புவதற்காகக் காலை மிதித்தார். அந்தக் கால் போன வேகத்தில் அவருடைய தலை ஒரு அடி கீழே இறங்கியதை எல்லாரும் பார்த்தார்கள். காரின் வேகம் இறங்கவில்லை, கார் நிற்கவும் இல்லை. அப்படியே போய்ப் பேச்சாயியின் டயர் அடுக்குக்குள் புகுந்தது. மாவட்டத்திலேயே மிக நல்ல டயர்கள் அவை. ஒரு நாளும் சாலையைப் பார்க்காதவை. காருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

ஆனந்த்ராஜின் நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்தது. முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஆணி அடித்திருந்தது. ஸ்பேனரால் நெம்பித் திறந்தார்கள். உள்ளே ஒரு பல்லி இருந்தது.

"அது காட்டுற பெட்டி சார்," என்றாள் பேச்சாயி. "திறக்குற பெட்டி இல்ல."

நெற்றியில் டீ டம்ளரை அழுத்திக்கொண்டு ஆய்வாளர் தீர்ப்பு எழுதினார். பிரதிநிதி வாகனம்: பிரேக் அறவே இல்லை. தகுதி நீக்கம். உடனடியாக உடைத்துப் போட உத்தரவு. மாப்பிள்ளை மல்லிகைச் சரத்தோடு, கல்லு மாதிரிப் பிடிக்கும் பிரேக்கோடு, அப்படியே நின்றது.

"சார்," என்றார் ஹாமித். "பிரேக் இல்லாதது இவரு வண்டியில சார். மாப்பிள்ளையில இல்ல."

"இவரு வண்டி கொஞ்ச நேரத்துக்கு முன்னாலதான பாஸாச்சு? நான்தான மிக நன்றுன்னு போட்டேன்? அதுல எப்படிப் பிரேக் இல்லாமப் போகும்?" ஆனந்த்ராஜ் டம்ளரை மறுபக்கம் திருப்பி வைத்தார். "வயித்தெரிச்சல்ல பேசாதீங்க பாய்."

வரிசையில் சலசலப்பு கிளம்பியது. பிரதிநிதியே தகுதியில்லை என்றால், அது பாஸ் வாங்கிக் கொடுத்த வண்டிகள் எல்லாம் என்ன ஆகும் என்று ஆட்டோக்காரர் கத்தினார். ஆனந்த்ராஜ் நாற்காலியின் மேல் ஏறி நின்றார்.

"யாரும் பயப்பட வேணாம். ஒரு உறுப்பினர் பதவி போயிட்டா தொகுதியையா இடிக்கிறோம்? இடைத்தேர்தல் வைக்கிறோம். புதுப் பிரதிநிதி வாகனம் வர்ற வரைக்கும் மாவட்டத்துல எல்லா வண்டியும் தகுதியானதாகவே இருந்துக்கலாம். ஓடாத வண்டியும் சேர்த்து."

கைதட்டினார்கள். அல்போன்சா ஹாமிதின் கையில் சிவப்பு முத்திரை குத்திய சரித்திரத்தைக் கொடுத்து, "வாழ்த்துகள்," என்றார். கடைசி வரியில் மை காயவில்லை. பிரேக்: மிக நன்று.

டயர்களை விலக்கிக் காரை வெளியே எடுப்பதற்குள் மைதானம் காலியாகிவிட்டது. ஹாமிதும் கருப்பணனும் டயர்களின் மேல் உட்கார்ந்தார்கள்.

"பிரேக் இல்லைன்னு ஏண்ணே எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே பாய்." கருப்பணனின் குரலில் குற்ற உணர்ச்சி ஏதும் இல்லை. "எஃப்.சி. இருக்குதான்னு கேட்டீங்க. இருக்குதுங்க. டாக்ஸ் கட்டியாச்சான்னு கேட்டீங்க. கட்டியாச்சுங்க. பிரேக் பிடிக்குமான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனுங்க."

ஹாமித் டயரில் இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"சரி, இப்பக் கேக்குறேன். வேற என்னென்ன இல்ல?"

கருப்பணன் விரலை மடக்க ஆரம்பித்தார். பின் இடது கதவு உள்ளேயிருந்து திறக்காது. மழை பெய்தால் டிரைவர் காலடியில் தண்ணீர் நிற்கும். இரண்டாம் கியர் இருபது கிலோமீட்டருக்கு ஒரு தடவை கழன்றுவிடும், திட்டினால் மறுபடியும் விழும். எஞ்சின் மட்டும் நிஜமாகவே நல்ல எஞ்சின், போன வருடம்தான் வேலை பார்த்தது. பெட்ரோல் முள் எப்போதும் பாதியில் நிற்கும், அதை நம்ப வேண்டாம். சொல்லச் சொல்ல அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. இவ்வளவு நாளில் அந்தக் காரைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"பிரேக்கையும் கதவையும் செஞ்சு கொண்டாங்க," என்றார் ஹாமித். "எஞ்சின் நல்ல எஞ்சின்னா நான் எடுத்துக்கிறேன். கியர என் வீட்டுக்காரி திட்டிக்குவா."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கருப்பணன் காரோடு பேகம்பூர் வந்தார். செம்பட்டியில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டுப் புதுப் பிரேக் போட்டிருந்தார். கார் எந்த மரத்திலும் முட்டாமல் நின்றது. ருக்சானா எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, பூட்டிக்கிடக்கும் தோல் கிடங்குக்குப் பின்னால் இருந்த பொட்டலுக்கு ஓட்டிப் போனாள். பிள்ளைகளை இறக்கிச் சுவரோரம் உட்கார வைத்தாள். ஹாமித் முத்திரை குத்திய சரித்திரத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை. கருப்பணன் மெக்கானிக் கொடுத்த பில்லை நீட்டினார். அதையும் வாங்கவில்லை.

"அண்ணே, நீங்க அந்தா அந்தக் கல்லுக்கிட்டப் போய் நில்லுங்க."

"எதுக்குங்க அம்மிணி?"

"நான் இங்கருந்து வேகமா வாரேன். உங்களுக்கு முன்னால வந்து பிரேக்க மிதிப்பேன்."

"நானுங்களா நிக்கோணும்?"

"நீங்கதான விக்கிறீங்க? இவரும் நிப்பாரு. இவருதான வாங்குறாரு."

"ஏ ருக்சு," என்றார் ஹாமித், "அரசாங்கமே மிக நன்றுன்னு போட்டு..."

"அந்த ஆபீசர வரச்சொல்லுங்க. அவரு வந்து நின்னா நீங்க நிக்க வேணாம். நாளைக்கு என் பிள்ளைங்க உள்ள உட்காரணும்னா, இன்னைக்கு யாராவது வெளிய நின்னுதான் ஆகணும்."

ஹாமித் போய்க் கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்கு வேறு வழி இல்லை. ராத்திரி அந்த வீட்டில்தான் சாப்பிட்டாக வேண்டும்.

கருப்பணன் நகரவில்லை. "ஒரு நிமிசமுங்க," என்றார்.

பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார். பிரேக் ஆயில் புட்டியின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மல்லாந்து காருக்கு அடியில் நுழைந்தார். அங்கிருந்து ஸ்பேனர் கேட்டார். ஒரு சக்கரத்தைக் கழற்றி உள்ளே ஊதிப் பார்த்து, எதையோ முடுக்கி, மறுபடியும் மாட்டினார். பிறகு மற்ற மூன்றையும். முன் டயர் ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, அது தேய்ந்துவிட்டது என்று தாமாகவே ஸ்டெப்னியை எடுத்துப் போட்டார். காரில் உட்கார்ந்து ஒரு இருபது தடவை பிரேக்கை மிதித்தார். இறங்கினார். யோசித்தார். மறுபடியும் ஏறி இன்னும் நாலு மிதி மிதித்தார். பிள்ளைகளுக்குப் பசி வந்துவிட்டது.

"முடிஞ்சுதாண்ணே?" என்றாள் ருக்சானா.

"முடிஞ்சுதுங்க."

சட்டையெல்லாம் கிரீஸோடு வந்து ஹாமிதுக்குப் பக்கத்தில் நின்றார். ஹாமிதின் கையைப் பிடித்துக்கொண்டார். பொட்டலின் அந்தக் கோடியில் ருக்சானா காரை எடுத்தாள். முதல் கியர், இரண்டாம் கியர். இரண்டாம் கியரை அவள் திட்டுவது கல் வரைக்கும் கேட்டது. மூன்றாம் கியர். புழுதியைக் கிளப்பிக்கொண்டு கார் நேராக வந்தது. சின்னவன் சுவரோரம் எழுந்து நின்று கைதட்டினான்.

டயர்கள் கீச்சிட்டன. புழுதி அடங்க நேரம் ஆனது. ஹாமிதின் கைலிக்கும் காரின் முன்பக்கத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. ருக்சானா கண்ணாடியை இறக்கிப் பிள்ளைகளைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

கருப்பணன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"ஏனுங்க பாய்," என்றார், "நின்னுருச்சுங்களா?"